எண்ணெயைக் கூட்டினால் வாசனை கூடுமா? மெழுகு, திரி, நறுமணச் சோதனைகள்

2024 ஜனவரி 7 (வாசகர் கேள்வி)

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குவளையில் 150 கிராம் சோயா மெழுகும் மல்லிகை வாசனை எண்ணெயும் கலந்து மெழுகுவர்த்தி செய்தேன். 6 சதவீதத்தில் வாசனை வரவில்லை என்று 8 ஆக்கினேன், பிறகு 12 ஆக்கினேன். மூடியைத் திறந்தால் மணக்கிறது. ஏற்றி வைத்தால் கூடத்தில் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் தரமற்றது என்றே நினைக்கிறேன். இன்னும் கூட்டலாமா?

2024 ஜனவரி 8

கூட்ட வேண்டாம். 12 சதவீதமே உங்கள் மெழுகு தாங்கும் அளவைத் தாண்டியிருக்கக்கூடும். தாங்காத எண்ணெய் மேற்பரப்பில் வியர்த்தது போல் துளித்து நிற்கும், அல்லது குவளையின் அடியில் இறங்கித் தங்கும். அதில் சுடர் பட்டால் ஆபத்து.

எண்ணெயைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். திரி வழியாக மேலேறும் எண்ணெய் மெழுகோடு சேர்ந்து எரிந்துபோகிறது. அது நம் மூக்குக்கு வருவதில்லை. திரியைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளத்தின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் எண்ணெய்தான் அறையில் மணக்கிறது. ஆகவே அந்தக் குளம் எவ்வளவு அகலம் என்பதே முதலில் தெரிய வேண்டியது. மூன்று மணி நேரம் எரித்துவிட்டு, அளவுகோலால் அளந்து எழுதுங்கள். திரி எத்தனை இழை என்பதையும் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 11

குளம் 4 சென்டிமீட்டர், திரி 24 இழை என்று எழுதியிருக்கிறீர்கள். 7 சென்டிமீட்டர் வட்டத்தில் 4 சென்டிமீட்டர் வட்டம் என்பது பரப்பளவில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு மெழுகு, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எண்ணெயைத் தன்னுள் வைத்துக்கொண்டு கட்டியாக நிற்கிறது. இப்படியே எரித்தால் நடுவில் கிணறு தோண்டியது போலச் சுடர் இறங்கி, உருகிய மெழுகிலேயே மூழ்கி அணைந்துவிடும். திரியை மாற்றுங்கள். மூன்று மணி நேரத்தில் குளம் குவளையின் விளிம்பைத் தொடுகிற திரியே சரியான திரி.

மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மெழுகு, குவளை, எண்ணெய், ஊற்றும் சூடு ஆகியவை அப்படியே இருக்கட்டும். ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

2024 ஜனவரி 13

எண்ணெயைக் கரண்டியால் அளக்கலாமா என்று கேட்டவருக்கு: கரண்டி வேண்டாம், 0.1 கிராம் காட்டும் சிறிய தராசு வாங்குங்கள். ஒரே அளவு கரண்டியில் யூகலிப்டஸ் தைலமும் வனிலா வாசனை எண்ணெயும் ஒரே எடை இருப்பதில்லை. 150 கிராம் மெழுகுக்கு 8 சதவீதம் என்றால் 12 கிராம் எண்ணெய். சிலர் மொத்த எடையில் 8 சதவீதம் என்று கணக்கிடுவார்கள். அப்போது எண்ணெய் 13 கிராமைத் தொடும். எந்தக் கணக்கானாலும் நோட்டில் அதைக் குறித்துவிட்டு, அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். மெழுகு, எண்ணெயின் தீப்பற்று வெப்பநிலைக்குக் கீழே ஆறிய பிறகே எண்ணெயைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மணம் பறந்துவிடும்.

2024 பிப்ரவரி 4

மற்றவருக்குச் சொன்னதை நானும் செய்து பார்க்க வேண்டும் என்று, மதுரையில் என் வீட்டுப் பின்னறையில் அதே அளவுக் குவளைகளில் வாசனை சேர்க்காத சோயா மெழுகை ஊற்றி, இரண்டு வாரம் ஆறவைத்து, மூன்று திரிகளைச் சோதித்தேன். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, அறை வெப்பம் 27 பாகை செல்சியஸில் நிற்கும் மாலை நேரத்தில், ஒவ்வொரு முறையும் திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டு, ஏற்றுவதற்கு முன்னும் அணைத்து ஆறிய பின்னும் எடை போட்டேன். எடை போடுவதை யாரும் விட்டுவிட வேண்டாம். கண் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது.

24 இழைத் திரி மணிக்கு 2.6 கிராம் மெழுகை எரித்தது. மூன்று மணி நேரத்தில் குளம் 4.2 சென்டிமீட்டர். 30 இழை மணிக்கு 3.4 கிராம், குளம் 5.5. 36 இழை மணிக்கு 4.6 கிராம், குளம் ஏறக்குறைய விளிம்பு வரை. மூன்றிலும் புகை இல்லை. 36 இழையே தேர்வு என்று முடிவு செய்திருக்கிறேன்.

2024 மார்ச் 2

மேலே எழுதிய முடிவு தவறு. ஜனவரி 11 அன்று சொன்ன விதியும் அதோடு சேர்ந்து தவறாகிறது. இதைத் தெளிவாக எழுதுவது என் கடமை, ஏனென்றால் இருவர் அதை நம்பி 36 இழைத் திரியை மொத்தமாக வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

நான் முதல் மூன்று மணி நேரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அதன் பின் தினமும் நான்கு மணி நேரம் என்று கடைசிவரை எரித்தேன். பாதிக்குக் கீழே இறங்கியதும் நிலைமை மாறியது. சுடர் ஆழத்தில் நிற்கும்போது குவளைச் சுவர் சூட்டை வெளியே விடாமல் உள்ளே பிடித்து வைக்கிறது, சுவரே அடுப்பாகிவிடுகிறது. முதல் நாள் அமைதியாக நின்ற அந்த 36 இழைச் சுடர், ஆறாம் நாள் இரண்டு மடங்கு உயரத்தில் துடித்தது. விளிம்பில் கரி படிந்தது. திரியின் நுனியில் காளான் குடை போலக் கரிமுடிச்சு கட்டியது. குவளையைக் கையால் தொட முடியவில்லை. கடைசி இரண்டு சென்டிமீட்டரை எரிக்க எனக்குத் துணிவு வரவில்லை. எஃகுத் தட்டால் மூடி அணைத்துவிட்டேன்.

30 இழைத் திரியோ முதல் இரண்டு நாள்கள் சுவரோரம் ஒரு விரல் கனத்துக்கு மெழுகை விட்டுவைத்தது. நான் அதைத் தோல்வி என்று எழுதி வைத்திருந்தேன். நான்காம் நாளிலிருந்து சுவர் சூடேற, அந்தப் பழைய மெழுகும் உருகி இறங்கிச் சேர்ந்துகொண்டது. இறுதியில் குவளை சுத்தமாக இருந்தது, சுடர் கடைசிவரை அடக்கமாக நின்றது. முதல் நாளே விளிம்பைத் தொடும் திரி, கடைசி நாளில் அளவுக்கு மிஞ்சியதாகிவிடும். சோதனை என்றால் அடிவரை எரிப்பதுதான்.

திரியின் அடியில் பொருத்தும் தகட்டிலும் கவனம் வேண்டும். நடுவில் சற்று உயர்ந்த கழுத்துள்ள தகடாக வாங்குங்கள். மெழுகு அந்த உயரத்துக்கு இறங்கியதும் திரிக்கு எரிபொருள் கிடைக்காமல் சுடர் தானே அணையும். தட்டையான தகடு என்றால் சுடர் கண்ணாடியின் அடிவரை போகும்.

2024 மார்ச் 5

திரியும் வாசனையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எது குற்றவாளி என்று தெரியவில்லை என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, திரியே இல்லாத மெழுகு வில்லை. புதிய எண்ணெய் எது வந்தாலும் முதலில் அதே மெழுகில், அதே சதவீதத்தில் 10 கிராம் வில்லை வார்த்து, மின்சூட்டுத் தட்டில் வைத்துப் பார்க்கிறேன். வில்லையில் மணக்காத எண்ணெய் மெழுகுவர்த்தியிலும் மணக்காது. அது எண்ணெயின் குறை. வில்லையில் நன்றாக மணந்து, வர்த்தியில் மணக்கவில்லை என்றால் திரியைத் திருத்த வேண்டும். தஞ்சாவூர் நண்பர் இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

வில்லை தீர்வதே இல்லை, ஏமாற்று வேலை என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஏமாற்றில்லை. அந்தச் சூட்டில் மெழுகு ஆவியாவதில்லை, எண்ணெய்தான் போகிறது. 8 சதவீத எண்ணெய் கொண்ட 10 கிராம் வில்லையை நாள்கணக்கில் உருக்கினாலும் ஒரு கிராமுக்கும் குறைவாகவே எடை குறையும். மணம் நின்ற பிறகு மெழுகைப் பஞ்சால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

2024 மார்ச் 6

நேற்று விட்டது: டீலைட் என்னும் சிறு மெழுகுவர்த்தியை ஏற்றி வைக்கும் பீங்கான் சட்டியில் சூடு அதிகம். அதில் முதல் ஒரு மணி நேரம் வீடே மணக்கும், பிறகு விரைவில் அடங்கும். மின்தட்டில் மெதுவாக, நீண்ட நேரம். இரண்டையும் கலந்து ஒப்பிட வேண்டாம்.

2024 மார்ச் 20

மூக்கைப் பற்றி. காலையிலிருந்து எண்ணெய்ப் புட்டிகளோடு உட்கார்ந்திருப்பவருக்கு மாலையில் எதுவும் மணக்காது. மூக்கு பழகி மரத்துப்போகிறது. நான் ஏற்றி வைத்து அரை மணி நேரம் ஆனதும், வெளியிலிருந்து வருகிறவரை உள்ளே அழைத்து, எதையும் சொல்லாமல் நிற்க வைக்கிறேன். பெரும்பாலும் என் அத்தைதான். நாற்பது ஆண்டுகளாகத் தினமும் பூக் கட்டுகிறவர். நான் மூன்று கடைகளில் "மல்லிகை" என்று வாங்கிய எண்ணெய்களில் ஒன்றை முகர்ந்ததும், "இது குண்டுமல்லி இல்லை, ஜாதிமல்லி" என்றார். இன்னொன்றைப் பற்றி, "இது கட்டி இரண்டு நாள் ஆன சரம்" என்றார். அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவதைவிட அது எனக்கு அதிகம் பயன்பட்டது.

நம் வீடுகளில் மின்விசிறி சுழலாமல் யாரும் உட்காருவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். விசிறிக்கு நேர் கீழே வைத்தால் சுடர் ஆடும், கரி படியும், குளம் ஒரு பக்கமாகச் சாயும், மணம் சன்னல் வழியே போய்விடும். முதலில் 10க்கு 10 அடி அறையில் விசிறியின்றிச் சோதித்துவிட்டு, அதன் பிறகு கூடத்துக்குக் கொண்டு போகலாம்.

2024 ஏப்ரல் 9

ஜனவரி 13 குறிப்பின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். தீப்பற்று வெப்பநிலை என்பது, அந்தச் சூட்டில் எண்ணெயின் ஆவிக்கு அருகில் நெருப்பைக் கொண்டு போனால் பற்றிக்கொள்ளும் என்பதைக் குறிக்கும் எண். சேமிப்பதற்கும் அனுப்புவதற்கும் உரிய பாதுகாப்பு எண் அது. அந்தச் சூட்டில் மணம் பறந்துவிடும் என்று பொருளில்லை. நான் கேள்விப்பட்டதைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன்.

அதே எண்ணெயை 60 பாகையில் ஒரு குவளையிலும் 80 பாகையில் மற்றொன்றிலும் கலந்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறி, இரண்டு வாரம் கழித்து ஏற்றினேன். 80இல் கலந்தது சீராக மணந்தது. 60இல் கலந்ததன் அடியில் எண்ணெய் தனியே தேங்கியிருந்தது. இப்போது சோயாவுக்கு 80 பாகையில் கலந்து, 60க்கு ஆறியதும் ஊற்றுகிறேன். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தே உருக்குங்கள். தப்பித்தவறி மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூட வேண்டும்.

இரண்டு வாரக் காத்திருப்பு எதற்கு என்று கேட்டவருக்கு: சோயா மெழுகு கையில் கட்டியாகத் தெரிந்த பின்னும் அதன் படிகங்கள் பல நாள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மூன்றாம் நாள் ஏற்றிப் பார்த்துவிட்டு எண்ணெயைத் திட்டியதை நானும் செய்திருக்கிறேன். பெட்ரோலிய மெழுகான பாரபினுக்கு அவ்வளவு நாள் தேவைப்படவில்லை.

2024 மே 12

கோடை வந்துவிட்டது, என் பிப்ரவரிக் கணக்குகள் எல்லாம் ஆட்டம் காண்கின்றன. பகலில் 39 பாகை, பின்னறையில் மாலையிலும் 35. மார்ச் 2 அன்று நான் அவ்வளவு உறுதியாகச் சொன்ன 30 இழைத் திரி, இந்தச் சூட்டில் ஒன்றரை மணி நேரத்திலேயே விளிம்பைத் தொடுகிறது. கடைசி நாள்களில் பிப்ரவரியின் 36 இழையைப் போலவே நடந்துகொள்கிறது. ஜனவரியில் நான் ஒதுக்கிய 24 இழை இப்போது மூன்று மணி நேரத்தில் 5.3 சென்டிமீட்டர் குளம் கட்டி, அடிவரை சுத்தமாக எரிந்தது. குவளையும் மெழுகும் மாறவில்லை. அறையின் சூடு மட்டும் எட்டுப் பாகை கூடியிருக்கிறது.

அப்படியானால் விற்பனைக்கு எதைப் போடுவது? நெடுநேரம் யோசித்தேன். வாங்குகிறவர் எந்த மாதத்தில் ஏற்றுவார் என்று நமக்குத் தெரியாது. மார்கழியில் சுவரோரம் மெழுகு மிஞ்சுவது நட்டம். சித்திரையில் குவளை வெடிப்பது விபத்து. கோடைக்குப் பாதுகாப்பான திரியைத்தான் போட வேண்டும் என்பது என் கருத்து. மிஞ்சும் மெழுகைக் குறைக்கச் சற்றுக் குறுகிய குவளைக்கு மாறலாம்.

இந்த மாதம் பார்சல் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குவளைகளுக்கான சோயா மெழுகு ஏறக்குறைய 50 பாகையில் உருகுவது. மூடிய வண்டிக்குள் மே மாத மதியத்தில் அந்தச் சூடு வருவது கடினமில்லை. நான் அனுப்பிய பன்னிரண்டு குவளைகளில் ஐந்து, ஒரு பக்கம் சரிந்து மீண்டும் உறைந்த நிலையில் போய்ச் சேர்ந்தன.

2024 மே 14

பொள்ளாச்சியிலிருந்து கேட்டவருக்கு: வீட்டுத் தேங்காய் எண்ணெய் 24 பாகையில் உருகிவிடும். அதைத் தனியாக மெழுகாக்க முடியாது. பாரபினில் சிறிது சேர்த்தால் மெழுகு மென்மையாகும். நம் கோடையில் அந்த மென்மை நமக்கு எதிரி.

2024 மே 26

தேங்காய்ச் சிரட்டை வர்த்திகள் அழகாக இருக்கின்றன, நன்றாக விற்கின்றன, நானும் செய்து பார்த்தேன். இனிச் செய்யப்போவதில்லை. சிரட்டையின் அடி வட்டமானது என்பதால் திரியின் தகடு உறுதியாக ஒட்டவில்லை. மெழுகு முழுவதும் உருகியதும் தகடு சரிந்து, சுடர் சிரட்டையின் சுவரில் சாய்ந்தது. சிரட்டை எரிபொருள்தானே! நம் ஊரில் இஸ்திரிப் பெட்டிக்கு அதைத்தான் கரியாக்கிப் போட்டார்கள். நான் பக்கத்திலேயே இருந்ததால் எஃகுத் தட்டால் மூடி அணைக்க முடிந்தது. மேசை விரிப்பு மட்டும் கருகியது. அந்தச் சமயத்தில் என் மகள் அந்த மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து வினாடிகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மண் அகல் எரியாது. ஆனால் உருகிய மெழுகையும் எண்ணெயையும் உறிஞ்சி வெளியே கசியவிடும். உட்புறம் பூச்சுப் பூசிய அகலில்தான் ஊற்ற வேண்டும்.

2024 ஜூன் 16

கற்பூரம், சந்தனத்தூள், வெட்டிவேர், உலர்ந்த ரோஜா இதழ் ஆகியவற்றை மெழுகில் சேர்க்கலாமா என்று மூவர் கேட்டிருக்கிறீர்கள். எரியும் வர்த்தியில் இவற்றில் எதுவும் வேண்டாம். தூள் எதுவானாலும் திரியின் நுண்ணிய வழிகளை அடைக்கும். வண்ணம் சேர்க்கக் கிரேயான் குச்சிகளை உருக்குவதும் இதே காரணத்தால் தவறு. இதழும் வேரும் உருகிய மெழுகில் மிதந்து சுடருக்கு அருகே வந்தால் இரண்டாவது திரியாகிப் பற்றிக்கொள்ளும். கற்பூரம் எவ்வளவு கரும்புகை விடும் என்பது ஆரத்தித் தட்டைத் துலக்கியவர்களுக்குத் தெரியும். வில்லையில் இதழ்களை அழகுக்காகப் பதிக்கலாம், அங்கே சுடர் மெழுகைத் தொடுவதில்லை.

வனிலா சேர்த்த வெள்ளை மெழுகு ஒரு மாதத்தில் பழுப்பாகிவிட்டது என்ற புகாருக்கு: அது வனிலினின் இயல்பு. கெட்டுப்போகவில்லை.

2024 ஜூலை 21

பாரபின் விஷம், சோயா தூய்மை என்று விளம்பரம் செய்வதை நான் ஏற்கவில்லை. இரண்டிலிருந்தும் கரி வரும். கரியைத் தீர்மானிப்பவற்றில் பெரும்பங்கு திரியின் அளவுக்கும், வெட்டிய உயரத்துக்கும், காற்றோட்டத்துக்கும் உரியது. என் பிப்ரவரிச் சோதனையில் விளிம்பைக் கறுக்க வைத்தது சோயாதான். பாரபினில் மணம் விரைவாகவும் வலுவாகவும் எழுகிறது. 58-60 பாகையில் உருகும் ரகம் நம் கோடையைத் தாங்குகிறது. ஆறும்போது சுருங்கி, திரியைச் சுற்றிக் குழி விழும். இரண்டாம் முறை ஊற்றி நிரப்ப வேண்டியிருக்கிறது. சோயா எண்ணெய் வித்திலிருந்து வருவது, மெதுவாக எரிவது, கையில் மென்மையானது. மேற்பரப்பில் வெண்படலம் பூக்கும், கோடையில் இளகும். மேல் நாடுகளில் உலோகத் திரியில் ஈயம் வைத்ததுதான் உண்மையான நச்சாக இருந்தது. அமெரிக்காவில் 2003இல் அதைத் தடை செய்தார்கள். நாம் வாங்கும் பருத்தித் திரியில் உலோகக் கம்பி இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோயா என்று எழுதி விற்பதெல்லாம் சோயாதானா என்பது வேறு கேள்வி. ஒரே கடையில், ஒரே பெயரில், மார்ச்சில் வாங்கியதும் ஜூனில் வாங்கியதும் என் வெப்பமானியில் நான்கு பாகை வேறுபட்டு உறைந்தன. மூட்டை மாறினால் சோதனையும் முதலிலிருந்து.

2024 ஆகஸ்ட் 18

இயற்கை மல்லிகை எண்ணெய் என்று புட்டி நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று கேட்கிறீர்கள். கிடைக்காது. மல்லிகையை நீராவியில் வடித்தால் மணம் சிதைந்துவிடுவதால், கரைப்பானில் ஊறவைத்துத்தான் சாரம் எடுக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவிலிருந்து முதலில் சில கிலோ மெழுகுக் கலவை கிடைக்கும். அதை எரிசாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கிய பிறகே தூய சாரம். மதுரைச் சந்தையில் முகூர்த்த நாளில் கிலோ மல்லி என்ன விலை என்று தெரிந்தவர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். செயற்கை எண்ணெய் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பன்னாட்டு நறுமணச் சங்கமான இஃப்ராவின் தரநிலைச் சான்றை விற்பவரிடம் கேளுங்கள், மெழுகுவர்த்தி வகைக்கு எத்தனை சதவீதம் வரை அனுமதி என்று அதில் இருக்கும்.

அந்தச் சாரத்திலிருந்து நீக்கிய மல்லிகை மெழுகைக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எனக்கு 50 கிராம் அனுப்பினார். மஞ்சள் நிறம், மெல்லிய மணம். சோயாவில் 5 சதவீதம் சேர்த்தேன். அத்தை அறைக்குள் வந்து வெகுநேரம் நின்றார். "இது சரம் இல்லை, கூடையில் மொட்டாகக் கிடக்கும்போது வரும் வாசனை" என்றார். ஏழு மாதங்களில் நான் செய்த எதைப் பற்றியும் அவர் இப்படிச் சொன்னதில்லை.

2024 செப்டம்பர் 29

தஞ்சாவூர் நண்பரின் கடிதம் கிடைத்தது. வில்லையில் அவருடைய பழைய எண்ணெய் நன்றாகவே மணந்திருக்கிறது. 6 சென்டிமீட்டர் குவளை, 24 இழை, 7 சதவீதம், பதினாறு நாள் காத்திருப்பு என்று மாற்றியதில் கூடத்தில் மணக்கிறது என்கிறார். சதவீதத்தில் முன்பு ஊற்றியதன் பாதியை விடச் சற்றே கூடுதல். அதே கடையிலிருந்து ரோஜா எண்ணெய் வாங்கி, அதே திரியில் போட்டதில் சுடர் சுருங்கி, திரி அணைந்ததாம். எண்ணெய்க்கு எண்ணெய் கனம் மாறும்; கனமானவை திரியில் ஏறத் தயங்கும். ரோஜாவுக்கு 30 இழையை, இதே குவளையில், அடிவரை எரித்துப் பாருங்கள்.

2024 அக்டோபர் 6

பிப்ரவரி 4 குறிப்பில் ஒரு திருத்தம். 30 இழைத் திரியின் எரிவேகத்தை 3.4 கிராம் என்று எழுதியிருந்தேன். நோட்டை இன்று எடுத்துப் பார்த்தபோது, அது நான்கு நாள்களின் சராசரி. மற்ற இரண்டும் முதல் நாள் அளவுகள். 30 இழையின் முதல் நாள் அளவு 3.1 கிராம். ஒப்பிடுகிறவர்கள் இந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.